நிலக்கரி கூறும் சதுப்புக் காடுகளின் வரலாறு

2024-25ஆம் நிதியாண்டில் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி முதன்முறையாக நூறு கோடி டன்னைத் தாண்டியது. இதில் மிகப் பெரும் பகுதி தாமோதர், மகாநதி, சோன், கோதாவரி ஆகிய ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் உள்ள கோண்டுவானாப் பாறைத் தொகுதியிலிருந்து கிடைப்பதாகும். மின் நிலையப் பொறியாளருக்கு இந்த நிலக்கரியின் வெப்ப மதிப்பும் சாம்பல் அளவும் முக்கியம். உருக்காலைக்கு அது நல்ல கற்கரியாக மாறுமா என்பது முக்கியம். சுரங்கத் திட்டம் தீட்டுவோர்க்கு அடுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது முக்கியம். இக்கேள்விகள் அனைத்துக்கும் அடியில் மற்றொரு கேள்வி இருக்கிறது. இந்த நிலக்கரி எந்தத் தாவரங்களிலிருந்து, எத்தகைய சதுப்பு நிலத்தில் உருவாயிற்று என்பதே அது.

இதற்கு விடை காண்பது தோன்றுகிற அளவுக்கு எளிதன்று. நிலக்கரிக் கட்டியை உடைத்துப் பார்த்தால் இலையோ கிளையோ தென்படுவதில்லை. அழுகி, அமுங்கி, வெப்பத்தால் மாறி, அனைத்தும் ஒரே கரும்பொருளாகிவிட்டன. அருங்காட்சியகங்களில் நாம் காணும் அழகிய இலைப் பதிவுகள் நிலக்கரியில் கிடைத்தவை அல்ல. அதற்கு மேலும் கீழும் உள்ள களிமண் பாறையில் கிடைத்தவை. நிலக்கரி அடுக்கின்மீது களிமண் படிந்த காலத்தில் அந்தச் சதுப்பு நீரில் மூழ்கி அழிந்துவிட்டது. அக்களிமண்ணில் புதைந்த இலைகள் ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ நின்ற மரங்களுடையனவாக இருக்கலாம். அவற்றைக் கொண்டு சதுப்புக்குள் வளர்ந்தது யாதெனத் தீர்ப்பது, வீட்டை ஒருவர் காலி செய்தபின் அங்குக் குடிவந்தவரை வைத்து முன்னவரை அடையாளம் காண்பது போன்றதே.

நிலக்கரிக்குள்ளேயே, அதன் ஒவ்வோர் அங்குலத்திலும், உருக்குலையாமல் எஞ்சியிருக்கும் தாவரப் பகுதி ஒன்று உண்டு. அதுவே ஸ்போர்.

அழியாத உறை

பெரணி, லைக்கோபாடு முதலிய பூவாத் தாவரங்கள் ஸ்போர் எனும் நுண்துகளை உதிர்த்து இனம் பெருக்குகின்றன. விதைத் தாவரங்கள் மகரந்தத் தூளை உதிர்க்கின்றன. தாவரவியலில் இவ்விரண்டும் வேறுவேறு. எனினும் நிலக்கரி ஆய்வில் இரண்டையும் சேர்த்து ஸ்போர் என்று பொதுப்பெயரால் வழங்குவது நெடுநாளைய பழக்கம். இக்கட்டுரையிலும் அவ்வாறே கொள்ளப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் ஆகும். பெரும்பாலான ஸ்போர்கள் 20 முதல் 150 மைக்ரான் வரை அளவுடையன. 200 மைக்ரானுக்கு மேற்பட்டவை பெருஸ்போர்கள் எனத் தனியே பிரிக்கப்படுகின்றன. அவற்றுள் பெரியவற்றை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

ஸ்போரின் உட்பொருள் விரைவில் அழிந்துவிடும். நிலைத்து நிற்பது அதன் வெளியுறையே. அவ்வுறை ஸ்போரோபொல்லனின் என்னும் பொருளால் ஆனது. உயிருலகில் தோன்றும் பொருள்களில் இதற்கு இணையான உறுதியுடையவை மிகச் சில. காற்றுப் புகாத சேற்றில் இதைப் பாக்டீரியாக்கள் தின்பதில்லை. கடும் அமிலங்களும் இதைக் கரைப்பதில்லை. ஆக்சிஜனுக்கும் மிகுந்த வெப்பத்துக்கும் மட்டுமே இது பணிகிறது. இந்த விலக்கு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

உறையின் மேற்பரப்பில் தாவரத்துக்குத் தாவரம் வேறுபடும் அடையாளங்கள் உண்டு. சிலவற்றில் மூன்று கதிர்களாகப் பிரியும் ஒரு தழும்பு காணப்படும். சிலவற்றில் ஒரே கீற்று இருக்கும். முள், மேடு, வலை போன்ற வேலைப்பாடுகள் உண்டு. சிலவற்றில் காற்றடைத்த பைகள் சிறகுபோல் ஒட்டியிருக்கும். இந்த அடையாளங்களைக் கொண்டே வகை பிரிக்கிறார்கள். ஒரு கிராம் நிலக்கரியில் ஆயிரக்கணக்கான ஸ்போர்கள் கிடைப்பது சாதாரணம் என்பதால், இலைப் பதிவு ஆய்வில் இயலாத ஒன்று இங்கு இயலுகிறது. எண்ணிக் கணக்கிட்டு, எந்த வகை எத்தனை விழுக்காடு என்று கூற முடிகிறது.

பிரித்தெடுக்கும் முறை

ஜெர்மானிய அறிஞர் ஃபிரான்ஸ் ஷுல்ஸ் 1855இல் கையாண்ட முறையே சில திருத்தங்களுடன் இன்றும் வழக்கில் உள்ளது. பொடியாக நொறுக்கிய நிலக்கரியை நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் குளோரேட்டும் கலந்த கரைசலில் ஊறவைக்கிறார்கள். நிலக்கரியின் கரும்பொருள் ஆக்சிகரணமடைகிறது. நன்கு கழுவியபின் காரக் கரைசலில் இட்டால், அக்கரும்பொருள் பழுப்பு நிறச் சாயமாகக் கரைந்து வெளியேறிவிடும். மணலும் களிமண்ணும் மிகுதியாக இருந்தால் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அவற்றை நீக்குவர். எஞ்சியதைச் சல்லடையில் வடித்துக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கலாம். வழக்கமாக ஒரு மாதிரியில் 200 ஸ்போர்களையேனும் எண்ணுவர்.

அமிலத்தில் எவ்வளவு நேரம் வைப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. குறைவாக வைத்தால் ஸ்போர் வெளிப்படாது. மிகையாக வைத்தால் மெல்லிய உறையுடையவை சிதைந்து, தடித்த உறையுடையவை மட்டும் மிஞ்சும். அப்போது காட்டில் இல்லாத ஒரு விகிதம் கண்ணாடித் தகட்டில் தோன்றிவிடும். இரு ஆய்வகங்களின் எண்ணிக்கைகளை ஒப்பிடுவோர் இதை மறக்கலாகாது.

வெப்பமும் ஒரு தடையாகும். நிலத்தின் ஆழத்தில் வெப்பம் ஏற ஏற, ஸ்போர் உறையின் நிறம் மஞ்சளிலிருந்து பழுப்பாகி, இறுதியில் கறுத்துவிடுகிறது. ஜரியாவில் பிற்காலத்தில் தீப்பாறைகள் ஊடுருவிச் சுட்டெரித்த நிலக்கரியைச் சுரங்கத் தொழிலாளர் ‘ஜாமா’ என்பர். அதில் ஸ்போரைத் தேடிப் பயனில்லை. ஆந்தரசைட் போன்ற மிக முதிர்ந்த நிலக்கரிகளிலும் இதே நிலைதான்.

எல்லாவற்றிலும் கொடியது கலப்படம். இன்றைய மரத்தின் மகரந்தம் ஆய்வகத்தின் காற்றிலேயே மிதக்கிறது. பாறை வெடிப்புகளின் வழியே நீர் பிற்காலத் துகள்களை உள்ளே கொண்டு சேர்த்துவிடும். இன்றைய பாகிஸ்தானில் உள்ள உப்பு மலைத்தொடரின் உப்புப் பாறை எக்காலத்தது என்பது பற்றி 1944, 1945ஆம் ஆண்டுகளில் சிறப்புக் கருத்தரங்குகளே நடைபெற்றன. பேராசிரியர் பீர்பல் சாஹ்னி அப்பாறையில் பூக்குந் தாவரங்களின் நுண்துணுக்குகளைக் கண்டு, அது ஈயோசீன் காலத்தது என்று வாதிட்டார். பின்னர் வந்த சான்றுகள் அப்பாறை கேம்பிரியன் காலத்தின் தொடக்கத்தையோ அதற்கும் முற்பட்ட காலத்தையோ சேர்ந்தது என நிறுவின. அக்காலத்தில் உலகில் பூக்குந் தாவரமே இல்லை. நுண்துகள் ஆய்வில் இந்தியாவுக்கு வழிகாட்டிய அறிஞருக்கே நேர்ந்த இந்நிகழ்ச்சி, இத்துறை மாணவர்களுக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படத்தக்கது.

யார்க்ஷயர் காட்டிய வழி

1930களில் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து சுரங்கங்களில் ஆர்தர் ராய்ஸ்ட்ரிக், ஒவ்வொரு நிலக்கரி அடுக்குக்கும் அதற்கே உரிய ஸ்போர் விகிதம் உண்டு என்று காட்டினார். அவருடைய நோக்கம் அடுக்குகளை இனங்காண்பது; காட்டைப் பற்றி அறிவது அன்று. ஸ்போர் வகைகளுக்குத் தாவரப் பெயர்கூட இடாமல் எழுத்துகளாலேயே குறித்தார்.

காட்டைப் பற்றிய கேள்வியை வலுவாக எழுப்பியவர் ஏ. எச். வி. ஸ்மித். யார்க்ஷயர் நிலக்கரி அடுக்குகளை அடியிலிருந்து உச்சிவரை சிறு சிறு துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டின் ஸ்போரையும் அதன் நிலக்கரி வகையையும் அவர் சேர்த்துப் பார்த்தார். 1962இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, ஓர் அடுக்குக்குள்ளேயே ஓர் ஒழுங்கான வரிசை இருப்பதைக் காட்டியது. அடிப்பகுதியின் பளபளப்பான நிலக்கரியில் லைக்கோஸ்போரா என்னும் சிறு ஸ்போர் மிகுதி. இது லெப்பிடோடெண்ட்ரான் முதலிய மாபெரும் லைக்கோபாடு மரங்களுடையது. மேலே செல்லச் செல்ல அது குறைந்து, மங்கலான நிலக்கரியில் டென்சோஸ்போர் எனும் தடித்த வளையமுடைய ஸ்போர் ஆட்சி பெறுகிறது. இது குட்டையான லைக்கோபாடுகளுக்கு உரியது. இடையில் வெள்ளம் புகுந்து களிமண் படிந்த இடங்களில் வரிசை குலைந்து வேறொரு கலவை தோன்றுகிறது.

இதற்கு ஸ்மித் தந்த விளக்கம் இன்றைய சதுப்புகளை ஒட்டியது. தொடக்கத்தில் சதுப்பு தாழ்வாக இருக்கிறது. ஆற்று நீர் சத்துகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. உயர்ந்த மரங்கள் செழிக்கின்றன. மக்கிய தாவரப்பொருள், அதாவது பீட், மேலும் மேலும் சேர்ந்து சதுப்பின் நடுப்பகுதி மேடாக உயர்கிறது. பின்னர் அதற்கு மழைநீர் ஒன்றே ஆதாரம். சத்துக் குறைந்த அந்த மேட்டில் பெருமரங்கள் நிற்க இயலாமல் குட்டைத் தாவரங்கள் இடம்பிடிக்கின்றன. போர்னியோவின் பீட் சதுப்புக் காடுகளில் விளிம்பிலிருந்து நடுவுக்குச் செல்லும்போது மரங்கள் குறுகிக்கொண்டே போவதை இன்றும் காணலாம். ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மாற்றத்தை ஒரு மீட்டர் நிலக்கரியில் படிக்க முடிந்தது பெருஞ்சாதனையே எனலாம்.

இந்தியச் சதுப்பு வேறு

யார்க்ஷயர் முறையை நம் நாட்டுக்கு அப்படியே கொண்டுவர இயலாது. ஐரோப்பிய நிலக்கரி கார்பானிபெரஸ் காலத்தில் வெப்பமண்டலச் சதுப்பில் உருவானது. நம் கோண்டுவானா நிலக்கரியோ பெர்மியன் காலத்தது. 30 கோடி ஆண்டுகளிலிருந்து 25 கோடி ஆண்டுகள் வரை முற்பட்டது. அக்காலத்தில் இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிக்கா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவை கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் பகுதிகளாகத் தெற்கே குளிர்ந்த பரப்பில் இருந்தன. இங்கு லைக்கோபாடு பெருமரக் காடு இல்லை. நாக்கு வடிவ இலையுடைய குளோசாப்டெரிஸ் என்ற விதைத் தாவரமே முதன்மையானது. அதன் மரத்தில் ஆண்டு வளையங்கள் தெளிவாக உள்ளன. குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் மரமாக அது இருந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து.

இந்திய நிலக்கரிப் பாறைகளின் ஸ்போர்களை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் சாஹ்னியின் மாணவியான சின்னா விர்க்கி. 1937இல் அவர் இந்திய, ஆஸ்திரேலியக் கீழ்க்கோண்டுவானாப் பாறைகளில் சிறகுடைய ஸ்போர்கள் இருப்பதை அறிவித்தார். 1939இல், ஆஸ்திரேலியாவின் பனிப்பாறைப் படிவிலும் இந்தியக் களிமண் பாறையிலும் ஒத்த ஸ்போர்கள் கிடைப்பதை எடுத்துக்காட்டினார். கண்டங்கள் நகர்ந்தன என்ற கொள்கையைப் பல நிலவியலார் ஏளனம் செய்துகொண்டிருந்த காலம் அது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாஹ்னி 1946இல் லக்னோவில் தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனத்தின் கட்டடத்துக்கு ஜவாஹர்லால் நேரு 1949 ஏப்ரல் 3ஆம் நாள் அடிக்கல் நாட்டினார். ஒரு வாரத்துக்குள் சாஹ்னி காலமானார். அவருடைய துணைவியார் சாவித்திரி சாஹ்னி பொறுப்பேற்று நிறுவனத்தை நிலைநிறுத்தினார். இன்று பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் என வழங்கும் அங்குதான் 1962இல் டி. சி. பரத்வாஜ் ராணிகஞ்ச் நிலக்கரியின் ஸ்போர் இனங்களையும், 1965இல் ஆர். எஸ். திவாரி பராகர் நிலக்கரியின் ஸ்போர்த் தொகுதியையும் விரிவாக வெளியிட்டனர். பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அந்த அடித்தளத்தின்மீதே எழுந்துள்ளன.

அவ்வாய்வுகளால் தெளிவான வரிசை இது. அடியில் உள்ளது தால்ச்சீர். பனியாறுகள் விட்டுச்சென்ற பாறை உருண்டைகளும் களிமண்ணும் கொண்டது. உடலைச் சுற்றிலும் ஒரே காற்றுப் பையுடைய மகரந்தம் இங்கு ஓங்கி நிற்கிறது. பாராசக்கைட்டிஸ் அதற்குச் சான்று. பனி விலகிச் சதுப்பு தோன்றத் தொடங்கிய கர்ஹர்பாரி அடுக்குகளிலும் அந்த வகையே மிகுதி. ஆயினும் மூன்று கதிர்த் தழும்புடைய பெரணிவகை ஸ்போர்களும் அதனுடன் சேர்கின்றன. தடித்த நிலக்கரி அடுக்குகளைத் தந்த பராகரில் ஒற்றைப் பை வகை பின்வாங்கி, இரு பைகளுடைய மகரந்தம் முன்வருகிறது. பராகரின் மேற்பகுதியிலும், பின்னர் ராணிகஞ்சிலும், இருபை மகரந்தத்தின் நடுவுடலில் நீளவாட்டில் வரிகள் ஓடும் வகை பெருகுகிறது, ஸ்ட்ரையேட்டோபோடோகார்பைட்டிஸ் அவ்வகையினது. வரியுடைய இருபை மகரந்தம் குளோசாப்டெரிஸ் குடும்பத்தின் மகரந்தப் பைகளுக்குள்ளேயே கிடைத்துள்ளமையால், அதன் தாய்த்தாவரம் பற்றி ஐயம் குறைவு.

சதுப்பு மறைந்ததா, காடு மறைந்ததா?

ஸ்போர் ஆய்வின் உண்மையான வலிமையை இரண்டு பாறைப் பிரிவுகளை ஒப்பிட்டுக் காணலாம். இரண்டிலும் வெட்டியெடுக்கத்தக்க நிலக்கரி இல்லை.

முதலாவது, பராகருக்கும் ராணிகஞ்சுக்கும் இடையில் உள்ள ‘பேரன் மெஷர்ஸ்’, அதாவது நிலக்கரியற்ற அடுக்குகள். இரும்புக் கற்கள் செறிந்த களிமண் பாறையாகப் பலநூறு மீட்டர் தடிப்பில் இது அமைந்துள்ளது. நிலக்கரி இல்லை என்பதைக் கொண்டு தட்பவெப்பம் கெட்டுக் காடு அழிந்தது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் களிமண் பாறையைக் கரைத்துப் பார்த்தால் ஸ்போர்கள் ஏராளம். பராகரின் மேற்பகுதியில் பெருகிய வரியுடைய இருபை மகரந்தம் இங்கும் தொடர்கிறது. அதனுடன் டென்சிபொல்லனைட்டிஸ் எனும் ஒருபை வகை சிறப்பாக மிகுகிறது. ஆகவே குளோசாப்டெரிஸ் காடு எங்கும் போய்விடவில்லை. மாறியது நிலம். வடிநிலம் ஆழமான நீர்ப்பரப்பாகவோ, பீட் சேர்வதற்கு இடந்தராத வண்டல் பரப்பாகவோ ஆகிவிட்டது. மீண்டும் தக்க சூழ்நிலை வந்தபோது ராணிகஞ்சில் நிலக்கரி மறுபடி உருவானது.

இரண்டாவது, ராணிகஞ்சுக்கு மேலே உள்ள பஞ்சேத். செந்நிற, பசுநிறக் களிமண்ணும் மணற்கல்லும் கொண்ட இப்பிரிவில் லிஸ்ட்ரோசாரஸ் என்ற விலங்கின் எலும்புகள் கிடைத்துள்ளன. இது டிரையாசிக் காலத்தின் தொடக்கம். இங்கு ஸ்போர்க் கணக்கே வேறு. வரியுடைய குளோசாப்டெரிஸ் வகை மகரந்தம் சரிகிறது. உறையின் இரு படலங்களுக்கிடையே வெற்றிடம் உள்ள, குட்டை லைக்கோபாடுகளுக்குரிய ஸ்போர்கள் மேலெழுகின்றன. இங்கு நிலக்கரி இல்லாததற்குச் சதுப்பு மறைந்தது மட்டும் காரணமன்று. சதுப்பை உண்டாக்கிய காடே மறைந்தது. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் நேர்ந்த பேரழிவின் இந்தியச் சாட்சியம் இது. அதன்பின் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு உலகில் எங்கும் குறிப்பிடத்தக்க நிலக்கரி தோன்றவில்லை என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம்.

மேலே ஒரு விலக்கைக் குறிப்பிட்டோம். ஆக்சிஜனுக்கு ஸ்போர் பணிந்துவிடும் என்பது அது. பஞ்சேத்தின் செந்நிறப் பாறை காற்றுபட்டுத் துருவேறியது. அதில் ஸ்போர் இல்லாவிட்டால் தாவரம் இல்லை என்று பொருளாகாது. பசுநிறப் பாறையில் கிடைக்கும் எண்ணிக்கையை மட்டுமே சான்றாகக் கொள்ள வேண்டும். வேறு தாவரங்களின் ஸ்போர் அங்கு நன்கு பேணப்பட்டிருக்கையில் குளோசாப்டெரிஸ் வகை மட்டும் குறைவதே நம்பத்தக்க சான்று.

எண்ணிக்கையும் காடும்

ஸ்போர் விழுக்காட்டைத் தாவர விழுக்காடாக அப்படியே மொழிபெயர்ப்பது, இத்துறையில் புதிதாக நுழைவோர் எளிதில் விழும் குழி. இருபை மகரந்தம் காற்றில் பறப்பதற்கென்றே அமைந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேட்டு நிலக் காட்டிலிருந்தும் அது வந்து விழக்கூடும். சதுப்பிலேயே வளர்ந்த பெரணியின் ஸ்போர் அவ்வளவு தொலைவு செல்வதில்லை. தாவரம் குறைவாக ஸ்போர் விட்டிருந்தால் கணக்கில் 5 விழுக்காடாகத் தோன்றும் இனம், நிலத்தில் பாதியை மூடியிருந்திருக்கவும் கூடும். இந்திய நிலக்கரியில் சிறகுடைய மகரந்தமே மிகுதி என்பதால், ஐரோப்பாவைக் காட்டிலும் இங்கு இந்த ஐயம் கூடுதலாகவே எழுகிறது.

இதை நீக்க மூன்று துணைச் சான்றுகள் உண்டு. ஒன்று பெருஸ்போர். அது கனமானது, உதிர்ந்த இடத்திலேயே விழுவது. 1953இல் சுரங்கே, சிங், ஸ்ரீவாஸ்தவா ஆகியோர் மேற்குப் பொகாரோ நிலக்கரிப் பகுதியிலிருந்து பெருஸ்போர்களை விவரித்தனர். இலைப் பதிவுகளில் அரிதாகவே தென்படும் குறுஞ்செடி லைக்கோபாடுகள் அங்கேயே, அதே ஈரமண்ணில், வளர்ந்தன என்பதற்கு அவை சாட்சி. மற்றொன்று வேர். முதுகெலும்புபோல் கண்டம் கண்டமாகத் தோன்றுவதால் வெர்டிப்ரேரியா எனப் பெயர்பெற்ற புதைபடிவம், குளோசாப்டெரிஸின் வேரே எனப் பின்னர் உறுதிப்பட்டது. அதற்குள் பெரிய காற்றறைகள் உள்ளன. நீர் தேங்கிய மண்ணில் மூச்சுவிடும் வேரின் அமைப்பு அது. மூன்றாவது சான்று அண்டார்க்டிக்காவிலிருந்து வருகிறது. அங்குப் பெர்மியன் காலப் பீட், சிலிக்கா ஊறி, திசுக்கள் கலையாமல் கல்லாகியுள்ளது. அதில் குளோசாப்டெரிஸ் இலைகளும் வெர்டிப்ரேரியா வேர்களும் நிறைந்துள்ளன. மகரந்தம் பறந்து வந்திருக்கலாம். வேர் பறந்து வருவதில்லை.

இந்திய நிலக்கரி வளர்ந்த இடத்திலேயே உருவானதா, வெள்ளம் அடித்துவந்த மரப்பொருள் சேர்ந்ததா என்பது பழைய வழக்கு. நம் மின் நிலையங்களுக்குச் செல்லும் நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 விழுக்காடு வரை இருப்பதைச் சுட்டி, அடித்துவரப்பட்டது என்பார் உண்டு. ஓர் அடுக்கில் அடியிலிருந்து மேல்வரை ஸ்போர் விகிதம் ஒழுங்காக மாறுமானால், அது அங்கேயே வளர்ந்த சதுப்புக்குச் சார்பான சான்று. மேல்கீழெல்லாம் ஒரே கலவையாக இருந்தால் எதிரான சான்று. எனினும் அடிக்கடி வெள்ளம் புகுந்த சதுப்பு இவ்விரண்டின் இயல்பையும் காட்டும். இவ்வழக்கை ஸ்போரால் மட்டும் முடித்துவிட இயலும் என்று தோன்றவில்லை.

துளையிடுவோர்க்கு இதனால் என்ன பயன்?

தாமோதர்ப் பள்ளத்தாக்கின் நிலக்கரி அடுக்குகள் நெடுகிலும் பிளவுபட்டு இறங்கியும் ஏறியும் கிடக்கின்றன. ஜரியாவில் பராகர்ப் பிரிவில் மட்டும் 18 முதன்மை அடுக்குகளுக்கு எண் இடப்பட்டுள்ளது. ஒரு புதிய துளையில் 200 மீட்டர் ஆழத்தில் தட்டுப்படும் நிலக்கரி எந்த எண்ணுடையது? அருகில் உள்ள மற்றொரு துளையின் அடுக்கும் இதுவும் ஒன்றா? தவறான விடை இருப்புக் கணக்கையும், சுரங்க வாயில் வெட்டும் இடத்தையும், கற்கரிக்கு உகந்த அடுக்கைத் தேடும் முயற்சியையும் ஒருசேரப் பாதிக்கும். பராகரா, ராணிகஞ்சா, இடையில் உள்ள வெற்றடுக்கா என்ற அளவில் ஸ்போர் உறுதியான விடை தருகிறது. ஒரு கைப்பிடிப் பாறைத்துண்டே இதற்குப் போதும்; இலைப் பதிவு தேவையில்லை. ஆனால் பதினொன்றாம் அடுக்கா, பன்னிரண்டாம் அடுக்கா என்று கேட்டால், பாறை அமைப்பு, மின் அளவீடு, நிலக்கரி வகை ஆகியவற்றையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். அடுத்தடுத்த அடுக்குகளின் காடு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததால், ஸ்போர் மட்டும் அவற்றைப் பிரித்துக் காட்டுவது அரிது. இந்த எல்லையைத் தாண்டி உறுதிமொழி தருவோரை நம்புவதற்குமுன் அவர் எத்தனை மாதிரிகளை எண்ணினார் என்று கேட்பது நலம்.

மாதிரி எடுக்கும் முறையில் கருத்துச் செலுத்த வேண்டியதும் இங்கேதான். ஓர் அடுக்கு முழுவதையும் ஒன்றாக அரைத்துச் சாம்பல் அளவு காண்பது வாணிகத்துக்குப் போதுமானது. ஸ்போருக்கு அது பயன்படாது. சதுப்பின் தொடக்கமும் முடிவும் ஒரே பொடியில் கலந்துவிடும். துளையிலிருந்து வரும் பாறை உருளையைச் சில சென்டிமீட்டர்த் துண்டுகளாகக் குறியிட்டு, மேல்கீழ் மாறாமல் எடுத்துவைத்தால் மட்டுமே ஸ்மித் யார்க்ஷயரில் கண்டது போன்ற வரிசையைக் காணலாம். வெட்டி எரித்துவிட்ட அடுக்குக்கு மறு மாதிரி கிடையாது.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி வேறொரு காலத்தது. ஆகவே அதன் ஸ்போர்களும் வேறு. முதிராத நிலக்கரி ஆதலால் நைட்ரிக் அமிலம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. காரக் கரைசலே போதும். தென்னார்க்காட்டுப் பழுப்பு நிலக்கரியின் மகரந்தங்களை சி. ஜி. கே. ராமானுஜம் 1960களில் ஆராய்ந்தார். பூக்குந் தாவரங்களின் மகரந்தம், பனைக் குடும்பத்து மகரந்தம், பெரணி ஸ்போர்கள் ஆகியவற்றுடன் கடலோரச் சதுப்பின் அடையாளங்களும் அங்குத் தென்படுகின்றன. வெப்பமும் மழையும் மிகுந்த, கடல்நீர் தொட்டுச் செல்லும் தாழ்நிலக் காடு அது. அப்படிவு மயோசீன் காலத்தது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதே மகரந்தச் சான்றுகளைக் கொண்டே அது இன்னும் பழைய ஈயோசீன் காலத்தது என்று வாதிடுவோரும் பின்னர் எழுந்தனர். ஒரு மகரந்த வகை எக்காலத்தில் தோன்றி எக்காலம்வரை நீடித்தது என்ற பட்டியலையே இரு தரப்பினரும் நம்பியிருக்கின்றனர். அப்பட்டியலைச் சரிபார்க்க, காலம் ஐயமின்றித் தெரிந்த கடற்படிவுகள் அந்த நிலக்கரியோடு இணையும் இடங்களில் துளையிட்டு, இரண்டின் நுண்ணுயிர்ப் படிவங்களையும் ஒரே உருளையில் ஒப்பிட வேண்டும்.